ஓநாய் மாப்பிள்ளைகள்

இது என் தங்கச்சி மகள் வைத்த பந்தயம். மாதம் ஒரு புது நாவல், ஒரு பழைய நாவல். இரண்டும் பாராநார்மல் ரொமான்ஸாக இருக்க வேண்டும். ரத்தக்காட்டேரியோ, ஓநாய் மனிதனோ, சிறுத்தை மனிதனோ, எது வந்தாலும் சரி. ஆனால் கதை காதலைச் சுற்றித்தான் ஓட வேண்டும், கடைசியில் மனது நிறைய வேண்டும். பழையதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், பிடித்த இடத்துக்குத் தாவக் கூடாது. சினிமாவைப் பார்த்துவிட்டுப் படித்ததாகச் சொல்லக் கூடாது. “பெரியம்மா, புதுசு புதுசா வாங்கி அடுக்குறீங்களே, பழசை ஒரு தடவை திரும்பிப் பாருங்க” என்றாள். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

நான் ரங்கூனில் ஒரு பருப்புக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள். இந்தியாவுக்குக் கப்பலேறும் துவரையும் உளுந்தும்தான் எங்கள் பிழைப்பு. தொழில் புத்தி விடுமா? பழைய பேரேடு ஒன்றில் மிச்சமிருந்த தாள்களை இதற்கு எடுத்துக்கொண்டேன். இடப்பக்கத்தில், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அதைப் பற்றி நினைவில் இருப்பதை எழுதுவேன். வலப்பக்கத்தில், படித்து முடித்தபின் கண்டதை எழுதுவேன். இதுவரை ஒரு புத்தகத்துக்கும் இரண்டு பக்கமும் நேராகவில்லை. கிடங்கில் இப்படி நடந்தால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இங்கே அந்த வித்தியாசம்தான் ருசியே.

எங்கள் தலைமுறைக்கு நாவல் என்றால் வாடகைப் புத்தகக் கடைதான். தாம்வேயில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒன்று இருந்தது. முன்பணம் கட்டி, நாளுக்கு இவ்வளவு என்று பேசி, பிளாஸ்டிக் உறை போட்ட பர்மிய நாவலை எடுத்து வருவோம். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அமா (பர்மியர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எல்லோரும் ஒரே வாடகையில் படித்து முடித்துவிடுவார்கள். காதல் கதை ஒரு தட்டு, பேய்க்கதை இன்னொரு தட்டு. இரண்டையும் ஒரே அட்டைக்குள் அடைத்து விற்பார்கள் என்பது எனக்குத் தெரிந்தது பன்சோடான் தெரு நடைபாதையில். நர்கிஸ் புயலுக்கு அடுத்த வருஷம், தார்ப்பாய்க்குக் கீழே ஆங்கிலப் புத்தகக் குவியலில் ‘டுவைலைட்’ கிடந்தது. கறுப்பு அட்டை, ஏந்திய இரண்டு வெள்ளைக் கைகள், நடுவில் சிவப்பு ஆப்பிள்.

அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ரங்கூன் மழைக்காலங்களைக் குடித்துக் குடித்து ஒன்றரை மடங்கு தடித்துவிட்டது. எனக்கு முன்னால் படித்தவர் யாரோ, தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் பென்சிலால் பொடி எழுத்தில் பர்மிய அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார். முதல் அத்தியாயத்தில் வரிக்கு ஒன்று. அடுத்ததில் பத்திக்கு ஒன்று. அப்புறம் பென்சில் சட்டென்று நின்றுவிடுகிறது. அலுத்துப்போய் மூடிவிட்டாரா, அர்த்தம் தேடப் பொறுமை இல்லாமல் கதை இழுத்துக்கொண்டு போய்விட்டதா? இழுத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. கடைசிப் பக்கம் வரைக்கும் ஓரத்தில் மஞ்சளாக விரல் தடம் இருக்கிறது. முகத்தில் பூசுகிற தனாக்காவா, காலையில் குடிக்கிற மொய்ங்கா மீன்குழம்பா என்றுதான் தெரியவில்லை.

அதைத்தான் முதல் பழசாக எடுத்தேன். இடப்பக்கத்தில் எழுதியது: “மழை. காடு. அவன் கண் கறுப்பிலிருந்து பொன்னிறமாக மாறும். கூடவே போய்விடலாம் போல இருந்தது.” மழை சரிதான். ஸ்டெஃபனி மேயர் 2003 ஜூனில் கண்ட ஒரு கனவிலிருந்து பிறந்த கதை இது, 2005இல் அச்சுக்கு வந்தது. அவருடைய ரத்தக்காட்டேரிகள் வெயில் பட்டால் எரிய மாட்டார்கள், மின்னுவார்கள். மின்னினால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் மழை ஓயாத ஊராக இணையத்தில் தேடி, அமெரிக்காவில் ஃபோர்க்ஸ் என்ற ஊரைப் பிடித்தார். அங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மோல்மீன்காரி. “அதெல்லாம் ஒரு மழையா?” என்றாள். மோல்மீனில் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதுவும் பெரும்பகுதி மேயிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கதாநாயகன் எட்வர்டின் ரத்தக்காட்டேரிக் குடும்பம் விலாசம் தெரியாமல் அமெரிக்காவில் போய் உட்கார்ந்திருக்கிறது.

வலப்பக்கத்தில், கதாநாயகியைப் பற்றி முதல் வரியாக எழுதியது: “பெல்லா சமைக்கிறாள்.” அப்பாவுக்கு முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிப்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது என்று கண்டதும், அடுப்படியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். ரத்தக்காட்டேரியைக் காதலிக்கிற அவசரத்திலும் அப்பா சாப்பாட்டை மறப்பதில்லை. கல்லூரி வயதில் இந்த வரிகள் மேல் என் கண் பட்டதாகவே ஞாபகம் இல்லை. இப்போது அவள் அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் பக்க ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். எட்வர்ட் ராத்திரியில் அவள் அறைக்குள் வந்து, தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அன்று அந்த இடத்தில் பெருமூச்சு விட்டவளுக்கு, இன்று ஜன்னல் கொக்கி மேல்தான் கவலை போனது.

நாலாவது பாகம் 2008இல் வந்தது. அதில் ஒரு விஷயம் படித்தவர்கள் பலரையும் முகம் சுளிக்க வைத்தது. ஓநாயாக மாறுகிற ஜேக்கப், பெல்லாவுக்குக் குழந்தை பிறந்ததும், அந்தக் குழந்தையைப் பார்த்த நொடியில் அதனோடு பிணைந்துவிடுகிறான். இனி அவன் வாழ்க்கை அவளுக்குத்தான். சிறுவயதில் அண்ணன் மாதிரி, வளர்ந்தபின் மற்றதெல்லாம். தங்கச்சி மகளுக்கு அது சகிக்கவில்லை. “என்ன வக்கிரம் பெரியம்மா இது, அமெரிக்காவில் இதையும் அச்சடிப்பார்களா?” என்றாள்.

எனக்கு ஜேக்கப்பைப் பார்த்ததும் எங்கள் அத்தை ஞாபகம்தான் வந்தது. அத்தை பிறந்த அன்றே, தொட்டில் கட்டுவதற்கு முன்பே, “இவ என் பையனுக்குத்தான்” என்று வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மாமாவுக்கு அப்போதே பள்ளிக்கூடம் போகிற வயது. அதிலிருந்து ஒவ்வொரு விசேஷத்துக்கும் கிலுகிலுப்பை, வளையல், பாவாடை என்று அந்த வீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பாசம் பார் என்று ஊரெல்லாம் மெச்சியது. காத்திருந்து கட்டிக்கொண்டார். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஜேக்கப் கதையை அத்தையிடம் சொல்லிவிட்டு, உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவர்மேல குறை ஒண்ணும் இல்ல. ஆனா நானா புடிச்சுக்கிட்டேன்னு ஒரு நாளும் சொல்லிக்க முடியாதே” என்றாள். ஓநாய் என்றால் என்ன, முறைமாமன் என்றால் என்ன, தொட்டிலில் கிடப்பவளை யாரும் கேட்கப்போவதில்லை.

அன்றிலிருந்து எந்தப் பழைய புத்தகத்தை எடுத்தாலும் வலப்பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதி வைக்கிறேன். இவளிடம் சொந்தமாக என்ன சக்தி இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு வழி இருக்கிறதா? முன்பெல்லாம் நாயகனைப் பார்த்துக்கொண்டே படித்து முடித்துவிடுவேன். அவன் எவ்வளவு உயரம், எத்தனை நூறு வயது, கோபம் வந்தால் பல் நீளுமா. இந்தக் கேள்வியோடு படித்தால் புத்தகங்கள் வேறு வரிசையில் நிற்கின்றன.

சார்லெய்ன் ஹாரிஸின் சூக்கி கதைகள் அந்த வரிசையில் மேலே ஏறிவிட்டன. முதல் பாகம் 2001, பதின்மூன்றாவதும் கடைசியுமானது 2013. ஜப்பானில் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால் ரத்தக்காட்டேரிகள் இனி ஒளிந்து வாழத் தேவையில்லை என்று வெளியே வந்துவிட்ட உலகம். சூக்கி, லூசியானாவில் ஒரு சின்ன ஊரின் மதுக்கடையில் தட்டு தூக்குகிறவள். அடுத்தவர் மனதில் ஓடுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். கேட்டுத் தொலைக்கும் என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் என்ன நினைக்கிறார், கூட வேலை செய்கிறவள் என்ன நினைக்கிறாள், கூட்டிப்போன பையன் என்ன நினைக்கிறான், எல்லாம். ரத்தக்காட்டேரியின் மனது மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. பில் என்ற ரத்தக்காட்டேரி கடைக்குள் வந்து உட்காரும்போது அவளுக்கு வருகிற முதல் உணர்ச்சி பயமும் இல்லை, மோகமும் இல்லை. அப்பாடா என்ற நிம்மதி. ஐந்து தங்கை தம்பிகளோடு இரண்டு அறை வீட்டில் வளர்ந்தவளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்காரர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி வாசல்படி தாண்ட முடியாது. கொடுத்த அழைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். சூக்கி ஒரு கட்டத்தில் அதைச் செய்கிறாள். எத்தனையோ பேரைக் கொன்றவன், அவளைத் தூக்கிப் போட்டு மிதிக்கிற பலம் உள்ளவன், பாட்டி விட்டுப்போன அந்தப் பழைய வீட்டில் அவள் சொன்ன ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு வெளியே போயாக வேண்டும். என் இடப்பக்கத்தில் இது ஒரு வார்த்தைகூட இல்லை. “பில்லா எரிக்கா?” என்று, இரண்டு ரத்தக்காட்டேரிகளில் யார் என்பதை மட்டும் எழுதியிருந்தேன். வலப்பக்கம் முழுக்க அந்த வாசல்படிதான்.

கடைசிப் பாகத்தில் அவள் யாரோடு சேர்கிறாள் என்பதற்காக வாசகர்கள் எழுத்தாளரைத் திட்டித் தீர்த்தது பழைய கதை. நாயாகவும் மாறத் தெரிந்த கடை முதலாளி சாமோடு சேர்கிறாள். எனக்கு அந்த முடிவு இப்போது பிடித்திருக்கிறது. பதின்மூன்று பாகமும் அவன் அங்கேயே நின்று கடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான், கண்ணில் பட்டால்தானே!

அமானுஷ்யம் அவனிடம் இருந்தால் அவள் கூடவே நிற்கிறாள். அவளிடம் இருந்தால்? இதை அம்மாவிடம் கேட்டேன். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டே, “காரைக்காலம்மையார் கதை தெரியாதா உனக்கு?” என்றாள். தெரியும், ஆனால் இந்தக் கண்ணால் பார்த்ததில்லை. வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள் புனிதவதி. சாப்பாட்டில் மற்றதைத் தின்றவன், ருசி தாங்காமல் இன்னொன்றையும் கேட்கிறான். அவள் வேண்டிக்கொள்ள, கையில் பழம் வருகிறது. இது என்ன ருசி, எங்கிருந்து வந்தது என்று துளைத்து, உண்மையைச் சொன்னதும், எங்கே இன்னொன்று வரவழை பார்ப்போம் என்கிறான். வருகிறது, அவன் வாங்கியதும் மறைகிறது. அவ்வளவுதான். வியாபாரத்துக்கென்று கப்பலேறியவன் காரைக்காலுக்குத் திரும்பவே இல்லை. பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு, பிறந்த பெண்ணுக்கு அவள் பெயரை வைத்து, அவள் தேடி வந்தபோது குடும்பத்தோடு காலில் விழுகிறான். சேக்கிழார் அதைப் பக்தியாகச் சொல்கிறார். “கும்பிடத் தெரிஞ்சவனுக்குக் கூட வாழத் தெரியல” என்பது அம்மாவின் தீர்ப்பு. அதை அப்படியே பேரேட்டில் எழுதிவைத்தேன்.

பக்கத்து வீட்டு அமா இதற்கு ஒரு மறுகதை வைத்திருந்தார். அவர் வீட்டுத் தூணில் மகாகிரி என்ற ‘நாட்’ தெய்வத்துக்காகச் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் தொங்கும். போப்பா மலைக்கு யாராவது கிளம்பினால், பையில் பன்றி இறைச்சி இருக்கிறதா என்று கேட்காமல் விடமாட்டார். காரணம் பியாட்டா. பகானை ஆண்ட அனவ்ரட்டா மன்னன் காலத்து ஆள், இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம், ஒரு சித்தனின் உடலைத் தின்று அசுர பலம் பெற்றவன். பகானிலிருந்து போப்பா ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தினமும் ஓடிப் போய், வாடாமல் பூ கொண்டுவந்து மன்னனுக்குக் கொடுப்பது அவன் வேலை. மலையில் மே வுன்னா இருந்தாள். அரக்கிதான், ஆனால் பூவைத் தவிர வேறு எதையும் தின்னாதவள். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. பூ வரத் தாமதமாயிற்று. மன்னன் அவனைக் கொன்றுவிட்டான். பிள்ளைகளையும் பிறகு பறித்துக்கொண்டான். தவுங்பியோனில் பகோடா கட்டும்போது ஆளுக்கு ஒரு செங்கல் வைக்கத் தவறினார்கள் என்று அவர்களுக்கும் மரண தண்டனை. அந்த இரண்டு செங்கல் இடைவெளியை இன்றும் சுவரில் காட்டுகிறார்கள், ஆகஸ்டில் அங்கே திருவிழா நடக்கிறது. மே வுன்னா மனம் உடைந்து செத்து, போப்பா மேடாவ் என்ற மலைத் தெய்வம் ஆனாள்.

அமா சொல்லி முடித்ததும் நான் கவனித்தது ஒன்று. பரமதத்தன் அவளை விட்டு ஓடினான். பியாட்டா அவளிடம் ஓடினான், தினமும், மலையேறி. அரக்கி என்று தெரிந்தேதான். எனக்குத் தெரிந்து, பாராநார்மல் ரொமான்ஸ் எழுதுகிற அமெரிக்கர்கள் யாரும் இவனை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தாலும் முடிவை மாற்ற வேண்டியிருக்கும். மனம் நிறைகிற முடிவு இல்லாவிட்டால் அந்த வகையிலேயே சேர்க்க மாட்டார்கள்.

பேட்ரிஷியா பிரிக்ஸின் ‘மூன் கால்டு’ நாவலைக் கண்டிப்பாகப் பார்த்தால் பந்தயத்தில் சேர்க்கக் கூடாது. அதில் காதல் ஓரமாகத்தான் ஓடுகிறது. நானும் தங்கச்சி மகளும் வாதாடி உள்ளே விட்டோம். மெர்சி, ஃபோக்ஸ்வேகன் வண்டி மெக்கானிக், கயோட்டியாக மாறத் தெரிந்தவள். ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் ஒரு சின்ன மிருகம் அது. பின் வீட்டுக்காரன் ஆடம், ஓநாய்க் கூட்டத்தின் தலைவன், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் அவனுக்கு. மெர்சி அவன் ஜன்னலுக்கு நேரே ஒரு ஓட்டை வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவன் அதிகாரம் பண்ணினால் அதில் ஒரு டயரைக் கழற்றுவாள். மேலே பேசினால் வண்டி இன்னும் அசிங்கமாகும். கூட்டமே அவன் சொல்லுக்குத் தலை குனிகிறபோது, இவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போகிற அந்த இடத்தை ராத்திரி ரீசார்ஜ் விளக்கில் படித்துச் சிரித்தேன். எங்களுக்கு மின்சாரம் நேரம் பிரித்துத்தான் வருகிறது. சரியாக அந்நேரம் தெருவே “மீ லாப்பி!” என்று கத்தியது. கரண்ட் வந்துவிட்டது என்று எல்லோரும் மோட்டார் போட ஓட, நானும் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க ஓடினேன்.

இந்தப் புத்தகங்களின் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டை போட்ட நாயகன் அபூர்வம். அதனால் எல்லாவற்றுக்கும் கோயில் காலண்டர் தாளில் உறை போட்டுவிடுவேன். நளினி சிங்கின் ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’ புத்தகத்துக்கு வள்ளி தெய்வானையோடு முருகன் வாய்த்தார். அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் தேடினேன்.

நளினி சிங் எனக்கு நம்ம வீட்டுப் பெண் மாதிரி. ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களும் ஐராவதி நெல் வயலுக்கு வந்தவர்களும் ஏறியது ஒரே காலத்துக் கப்பல்கள்தானே. அவருடைய நாவல் 2006இல் வந்தது, கதை நடப்பது 2079இல். மன ஆற்றல் உள்ள ‘சை’ இனத்தார், பைத்தியமும் கொலையும் பெருகியதால், 1979இல் ஒரு முடிவு எடுத்தார்கள். பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் உணர்ச்சியே இல்லாதபடி பயிற்சி. சாஷாவுக்கு உணர்ச்சி இருக்கிறது. வெளியே தெரிந்தால் மூளையைத் துடைத்துவிடுவார்கள். தான் பழுதாகப் பிறந்தவள் என்று நம்பிக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போகிறாள். அங்கே சிறுத்தைக் கூட்டத்தின் தலைவன் லூகஸ்.

இடப்பக்கம்: “லூகஸ். கன்னத்தில் நகக்கீறல் மாதிரி கோடுகள்.” அது மட்டும்தான். திரும்பப் படித்தபோது லூகஸ் கொஞ்சம் கூடுதலாக உறுமுகிறான் என்று பட்டது. சாஷாதான் புத்தகம் முழுக்க நிறைந்திருந்தாள். அவள் பழுது என்று நினைத்ததே அவளுடைய சக்தி. பிறர் வலியை வாங்கி ஆற்றுகிறவள் அவள். அப்படி ஒரு வகை இருந்ததையே அவள் இனம் மறைத்து வைத்திருந்தது. சத்தமாகச் சிரிக்காதே, பொசுக்கென்று அழாதே என்று வளர்க்கப்பட்ட பெண்கள் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இருக்கிறோம். லூகஸ் அவளைக் கண்டு பின்வாங்கவில்லை, காலிலும் விழவில்லை. என் கணக்கில் பரமதத்தனைவிட நிறையத் தேறுகிறான்.

தங்கச்சி மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்த விதித்த ஜோடி சமாசாரம்தான் பிடிக்கும். பார்த்த நொடியில் மிருகத்துக்குத் தெரிந்துவிட வேண்டும், இவள்தான் என்று. “ஜேக்கப் விஷயம் வேற பெரியம்மா, அது குழந்தை. பெரியவங்களுக்குள்ள அப்படி ஒருத்தன் நிச்சயமா வந்து நிக்கறது எவ்வளவு நிம்மதி! போன்ல பேசிட்டு மூணு நாள் பதில் போடாத பசங்களைப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும்” என்றாள். அதில் நியாயம் இருக்கிறது. சூக்கிக்குக் கிடைத்த நிம்மதிக்குத் தலையாட்டியவள், இவள் கேட்கும் நிம்மதியைத் தட்ட முடியாது. ஆனாலும் அவன் நிச்சயமாக வந்து நிற்கும்போது கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்று பார்ப்பேன் என்றேன். “உங்களுக்குக் காதல் கதை வேண்டாம், பஞ்சாயத்துதான் வேணும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதப் பழசாக அவளே ஒன்றை எடுத்து நீட்டினாள். நாயகன் முதல் அத்தியாயத்திலேயே நாயகியைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போகிற ரகம். ஒரு காலத்தில் நான் தலையணைக்கடியில் வைத்துப் படித்தது. இடப்பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். கோட்டை, பனி, குதிரை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது.